மூன்றாவது பாரா

முன்னாள் படைவீரர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி, செயலாளர் தம்பி என் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். "பாய், இப்ப எல்லாம் போன்லயே திருத்திக்கிறாய்ங்க. அன்னிக்கு ஒரு டிஸ்சார்ஜ் புஸ்தகத்துல ஒரு வரி மாத்த நீங்க என்ன பாடு பட்டீங்கன்னு இவிங்களுக்குத் தெரியணும். உங்க சாதனையை எல்லாம் எழுதுங்க" என்றார். சாதனை என்றால் நாலு நோட்டு நிறைய எழுதுவேன், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு பாராதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் சாதனை, பிறகு அந்தப் பாரா, இரண்டையும் எழுதியிருக்கிறேன். இடம் பத்தாவிட்டால் சாதனையை வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

நான் படித்தது ஆறாப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. தோல் ஷாப்பில் உப்புத்தோல் உதறப் போய்விட்டேன். அங்கே ஆபீஸ் ரூமில் ஒரு பழைய இங்கிலீஷ் டைப் மெஷினை எடைக்குப் போட வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கித் தலையில் தூக்கி வந்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று நானே தடவித் தடவிப் படித்தேன். வாத்தியார் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. முதலில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். திண்டுக்கல் தனி ஜில்லா ஆனதும், கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டூல்தான். இங்கிலீஷ் பேச இன்றைக்கும் எனக்கு வராது. ஆனால் பட்டாளத்துக்கு இங்கிலீஷில் மனு அடிக்கிறதில் என்னை அடிக்க ஆள் இல்லை. பி.எல். படித்த வக்கீல்கள் கட்சிக்காரனை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். இது பெருமைக்குச் சொல்வது. உண்மையும் அதுதான்.

பட்டாளத்துக்காரனுக்கு அந்தச் சின்னப் புஸ்தகம்தான் எல்லாம். வெளியே வரும்போது கையில் கொடுப்பார்கள். பேர், நம்பர், பொண்டாட்டி பேர், பிள்ளைகள், எந்தச் சண்டைக்குப் போனான், எங்கே அடிபட்டான், என்ன மெடல், அம்புட்டும் அதில் இருக்கும். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். மாற்ற வேண்டுமென்றால் வடக்கே எங்கேயோ இருக்கிற ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். அங்கே இருக்கிறவன் உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அழுகையைக் கேட்கப்போவதில்லை. அவன் கண்ணுக்குத் தெரிவது பேப்பர் ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. புரிந்த பிறகு எனக்குத் தோல்வி கிடையாது.

நெய்க்காரப்பட்டிப் பக்கத்து ஒருத்தர், பதினேழு வருஷம் சர்வீஸ், நாலு பிள்ளைகள். புஸ்தகத்தில் மட்டும் மனுஷன் பிரம்மச்சாரி. லீவில் வந்து கல்யாணம் கட்டியவர் யூனிட்டில் போய்ச் சொல்லவில்லை. கேட்டால் வெட்கமாக இருந்தது என்றார். அவர் சம்சாரம் என் ஸ்டூலுக்கு முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தபடி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்க பாய், இந்த நாலையும் நான் கடலைக்காட்டுல இருந்து தோண்டியா எடுத்தனுங்க? எழுதுங்க நல்லா. இந்த மனுசனுக்கு வெக்கம்னு எழுதுங்க!" வெட்கம் என்று எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகை, மண்டபத்து ரசீது, பிரசவம் பார்த்த நர்ஸம்மா கையெழுத்து, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து, எல்லாம் வரிசையாக நூல் போட்டுக் கட்டி அனுப்பினேன். ஒரே வருஷத்தில் அந்த அம்மா பேர் ஏறியது. தேங்காய் மூட்டையோடு வந்தார்கள். இப்படி ஒன்றா, ரெண்டா.

என் தொழிலில் மூன்று வழக்கம் வைத்திருந்தேன். மூன்றையும் பற்றி அன்றைக்கு நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை.

ஒன்று, என் மெஷினில் சின்ன டபிள்யூ எழுத்துக்குக் கடைசிக் கால் உடைந்திருக்கும். எடைக்குப் போட்டவர்கள் போட்ட காரணமே அதுதான். மெக்கானிக் மாற்றித் தருகிறேன் என்றபோது நான் மாட்டேன் என்றேன். ஆபீஸ் கிளார்க்குகள் நொண்டி டபிள்யூவைப் பார்த்ததும் "இது பாய் அடிச்ச மனு, சரியா இருக்கும்" என்று எடுத்து மேலே வைப்பார்கள். முத்திரை மாதிரி அது.

இன்னொன்று, மனுவுக்குக் கீழே காப்பி போடுவது. எந்த மனு அடித்தாலும் சம்பந்தப்பட்ட ஆபீஸ், படைவீரர் நல அதிகாரி, ரெக்கார்டு ஆபீஸ் மூன்றுக்கும் போகும். பதில் வர வேண்டிய விலாசமாக என் டீக்கடையைத்தான் கொடுப்பேன். ஊரில் தபால் தொலையும், என்னிடம் தொலையாது.

மூன்றாவது, ரெடி மனு. அப்போதெல்லாம் பட்டாளத்தை விட்டு வந்தவனுக்கு மில்லில், பேங்கில் வாட்ச்மேன் வேலை கிடைக்கும். வருகிறவன் எல்லாருக்கும் ஒரே மனுதான். அதனால் ஆள் வராத நாளில் கார்பன் வைத்து மொத்தமாக அடித்து அடுக்கி வைத்துவிடுவேன். பேருக்கும் நம்பருக்கும் மட்டும் இடம் விட்டிருப்பேன். முதல் பாரா பேர், ஊர். இரண்டாவது பாரா சர்வீஸ். மூன்றாவது பாரா உடல்நலம்: "பணிக்காலத்தில் எந்தக் காயமும் ஊனமும் இன்றி, பூரண சுகத்துடன் வெளிவந்தேன்." நாலாவது பாரா, வேலை தந்தால் குடும்பத்தோடு நன்றி சொல்வேன் என்று. வந்தவன் டீ குடித்து முடிப்பதற்குள் மனு கையில் இருக்கும். ஊரிலேயே வேகமான ஆள் என்று பேர் வாங்கினேன்.

மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல அதிகாரிகள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். எனக்குச் சம்பளம் தராத மேலதிகாரிகள் அவர்கள். கடைசியில் வந்தவர் ஒரு ரிட்டையர்டு மேஜர். ஒல்லி, காது கொஞ்சம் மந்தம், குண்டுச் சத்தத்தில் போனது என்பார்கள், அவராகச் சொன்னதில்லை. அவரிடம் ஒரு மர ஸ்கேல் இருக்கும். மனுவை மேசையில் விரித்து, ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் ஒரு வரி கீழே இறக்குவார். அவசரம் கிடையாது. நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நாற்காலி இருந்தாலும். தப்பு இருக்கிற வரியில் ஸ்கேல் நின்றுவிடும். திட்ட மாட்டார், கேட்க மாட்டார். பேப்பரை அப்படியே நம் பக்கம் திருப்பி வைப்பார், ஸ்கேல் அந்த வரியிலேயே இருக்கும். நாமாகப் பார்த்து நாமாக வெட்கப்பட வேண்டும். அவர் காலத்தில் என் மனுவில் ஸ்கேல் நின்றது மொத்தம் ஏழெட்டுத் தடவை. மற்ற டைப்பிஸ்ட்டுகளுக்கு ஒரு நாளைக்கே அவ்வளவு நிற்கும்.

இனி சின்னழகு அண்ணனைப் பற்றி.

நத்தம் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து வந்தவர். பிறகு இங்கே ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்து, அதிலும் ரிட்டையர் ஆகி, பத்துப் பன்னிரண்டு மாமரத்தை வைத்துக்கொண்டு ஊரில் இருந்தார். இடது கால் சாய்ந்து நடப்பார். ஆறேழு வருஷத்துக்கு முந்தி ஒரு திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள், கூட்டம். அவர் கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்றுவிட்டு, மஞ்சப்பையில் இருந்து புஸ்தகத்தையும் ஒரு எக்ஸ்ரே பிலிமையும் எடுத்து வைத்தார்.

"பாய், என் புஸ்தகம் பொய் சொல்லுது" என்றார்.

"என்ன சொல்லுது?"

"காயம் இல்லைங்குது. இந்தப் படத்தைப் பாருங்க."

பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். இடுப்பெலும்புப் பக்கத்தில் வெள்ளையாக, மொச்சைக்கொட்டை அளவில், ஓரம் கிழிந்த மாதிரி ஒரு துண்டு. இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரி போனவரிடம் டாக்டர், "உள்ளே இரும்பு கிடக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

வாங்கியது வங்கதேசச் சண்டையில். ஒரு ஆற்றைத் தாண்டி அக்கரை ஏறியபோது பக்கத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. "செங்கல்லச் சுட வெச்சு எறிஞ்ச மாதிரி இருந்துச்சு பாய். தொட்டுப் பாத்தா ஈரம். தண்ணின்னு நெனச்சேன்." மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, வெளியே தெரிந்ததை எடுத்துத் தைத்து, ஒன்றரை மாதத்தில் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் என்று உத்தரவு போட வேண்டிய யூனிட்டில் பேப்பர் பெட்டியே படகோடு ஆற்றில் போய்விட்டது. யாரும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. எதிரியால் காயம்பட்டவனுக்கு என்று ஒரு மெடல் உண்டு, அதுவும் வரவில்லை.

"இம்புட்டு வருசம் கேக்காம இப்ப எதுக்குண்ணே?" என்றேன்.

புஸ்தகத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார். அவருடைய மச்சினன், பொண்டாட்டியின் தம்பி, ஊருக்குள் ஒரு பேர் வைத்திருக்கிறான். 'புளியமரத்து மிலிட்டரி.' லீவில் வந்து புளி உலுக்க ஏறி விழுந்து கால் ஒடிந்ததை, சண்டையில் அடிபட்டதாகச் சொல்கிறார் என்று கதை. "காயம்னா புஸ்தகத்துல இருக்கும்ல மாமா, காட்டுங்க பாப்போம்" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறான். இவரும் கோபத்தில் புஸ்தகத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். அங்கே இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிப் பார்த்து, காயம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருப்பதைச் சத்தமாகப் படித்துவிட்டார். அது நடந்து இருபது வருஷம். ஊரில் சின்னப் பையன் வரைக்கும் அதுதான் பேர்.

"எனக்குக் காசு வேணாம் பாய். அந்தப் பொய்யை மட்டும் எடுத்துருங்க."

நான் என்ன சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. தொடையைத் தட்டிச் சொன்னேன். "அண்ணே, இது எனக்கு வெத்தலை போடுற மாதிரி. ஆறே மாசம். மெடலைக் குத்திக்கிட்டு உங்க மச்சினன் வீட்டு வாசல்ல நீங்க நடக்குறீங்க, நான் கூட வாரேன்."

எக்ஸ்ரே, டாக்டர் சர்டிபிகேட், சண்டைக்குப் போனதற்கு அவரிடம் இருந்த பொது மெடலின் நகல், எல்லாம் வைத்து மனு அடித்தேன். மேஜர் மேசையில் ஸ்கேல் மேலிருந்து கீழே வரைக்கும் எங்கேயும் நிற்காமல் இறங்கியது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

நாலு மாதத்தில் டீக்கடைக்குப் பதில் வந்தது. சின்னழகு அண்ணன் பேருக்கு, மேற்பார்வை நான். பிரித்தேன். எனக்கு அரை இங்கிலீஷ்தான், ஆனால் ரெக்கார்டு ஆபீஸ் இங்கிலீஷ் முழுசாகத் தெரியும். மனுதாரர் தமக்குக் காயம் எதுவும் இல்லை என்று தாமே முன்பு எழுதிக் கையெழுத்திட்டுள்ளார், அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

இணைத்த நகலைத் திருப்பினேன். மில் வாட்ச்மேன் வேலைக்கு எழுதிய மனு. மங்கலான ஜெராக்ஸ். மூன்றாவது பாரா. எந்தக் காயமும் இன்றி என்கிற வரியில், காயம் என்ற இங்கிலீஷ் வார்த்தையின் முதல் எழுத்து நொண்டியாக நின்றது.

முப்பது வருஷத்துக்கு முந்தி நான் அடித்தது. ரெக்கார்டு ஆபீஸுக்குக் காப்பி போட்டதும் நான்தான். வேறு எந்த டைப்பிஸ்ட்டாக இருந்தாலும் அந்தக் காப்பி அங்கே போயிருக்காது.

அந்தக் கடிதத்தை என்ன செய்தேன் தெரியுமா? மடித்து மெஷின் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த திங்கள்கிழமை அவர் வந்தார். "ஏதும் வந்துச்சா பாய்?" "வரலைண்ணே." அதற்கடுத்த திங்கள். "வரலை." மூன்றாவது வாரம் ஒரு பை நிறையக் காசாலட்டு மாம்பழம் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் பிள்ளைகள் தின்றார்கள். என் கையில் ஒன்றைக் கொடுத்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலாவது வாரம் அவர் கேட்கவே இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார், என் முகத்தைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். கால் அன்றைக்கு ரொம்பச் சாய்ந்தது. மனுஷனை நத்தத்தில் இருந்து இம்புட்டுத் தூரம் இழுத்தடிக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேஜரிடம் போனேன். நான் நீட்டும் முன்பே அவர் டிராயரைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து விரித்தார். அதே கடிதம், அதே நகல். ஸ்கேலை எடுத்து மூன்றாவது பாராவுக்குக் கீழே வைத்து என் பக்கம் திருப்பினார்.

"எனக்கும் காப்பி வந்தது" என்றார். "ஒரு மாசம் ஆச்சு."

நான் கொண்டுபோன கடிதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை சார்."

"இந்த வாரமும் நீங்க வரலைன்னா நானே ஆள் விட்டுச் சொல்லியிருப்பேன்." பிறகு, முதல் தடவையாக, நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "அவர் காயம் இருக்குன்னு அன்னைக்கு உங்ககிட்ட சொன்னாரா?"

"ஞாபகம் இல்லை சார். சத்தியமா ஞாபகம் இல்லை."

"அவரைக் கேளுங்க. கேட்டுட்டு வாங்க. அவர் எழுதிக் கொடுத்த வரின்னு அவங்க நினைக்கிறாங்க. அது அவர் வரி இல்லைன்னு சொல்ல உலகத்துல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு."

திங்கள்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. நத்தம் பஸ் பிடித்து ஊருக்கே போனேன். அண்ணன் மாமரத்தடியில் சாக்கு விரித்துக் காய் பிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரெடி மனு, கார்பன், காப்பி, நாலு வாரம் பூட்டி வைத்தது வரைக்கும். அவர் காயைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. பழுத்தது ஒரு பக்கம், வெம்பல் ஒரு பக்கம்.

"அன்னிக்கு நீங்க காலைப் பத்தி எங்கிட்டச் சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"நடந்துதான வந்தே, பெறகென்னன்னு கேட்டீங்க." குரலில் கோபம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "காயம்னு எழுதுனா வாட்ச்மேன் வேலை தர மாட்டான், கையெழுத்தப் போடு, அடுத்த ஆளு நிக்கிறாருன்னீங்க. நானும் போட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏன் பாய், மிலிட்டரி டாக்டரு கிழிச்சும் முழுசா எடுக்க முடியல. நீங்க ஒத்த வரியில எடுத்துட்டீங்களே. பெரிய கைதான் உங்களுது."

அவர் திட்டியிருந்தால் பஸ் ஏறி வந்து தூங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பு சுட்டது. அவர் சம்சாரம் பாண்டியம்மா சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தது. பரிமாறிக்கொண்டே, "அந்த வேலைய வெச்சுத்தான் பாய் ரெண்டு பொம்பளப்புள்ளையக் கட்டிக் குடுத்தோம். அதையும் நெனைக்கணும்ல" என்றது. ஆறுதலுக்குத்தான் சொன்னது. அதுவும் சுட்டது.

மேஜர் கேட்ட அந்தச் சாட்சிக்குப் பிரமாணப் பத்திரம் நானே அடித்தேன். அந்த மெஷினில்தான். வேறு மெஷினில் அடித்தால் சாட்சி பலம் குறையும் என்று மேஜர் சொல்லிவிட்டார். மற்றவனுக்காக ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். 'நான்' என்று எனக்காக அடித்தது அது ஒன்றுதான். மூன்றாவது பாராவை மனுதாரர் சொல்லவில்லை, நான் ஏற்கெனவே அச்சடித்த மாதிரி அடித்து வைத்திருந்தேன். காயம் இருப்பதாக அவர் சொன்னார், நான் காது கொடுக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு நினைவில் இல்லை, ஆனால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று அறிவேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். கையெழுத்துப் போடுமுன் முழுசாகப் படித்த மனு என் வாழ்நாளில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நோட்டரி வக்கீல் சீல் வைக்கும்போது கிண்டல் பண்ணினார். "என்ன பாய், ஆள் கிடைக்காம உங்க மேல நீங்களே மனு போட ஆரம்பிச்சுட்டீங்களா?" டீக்கடை முழுக்கச் சிரித்தது. மறுவாரமே சேதி பரவிவிட்டது. பாய் அடிச்ச மனுவால ஒருத்தனுக்கு மெடல் போச்சாம் என்று. பக்கத்து டைப்பிஸ்ட்டு என் காதுபடவே, "நம்மகிட்ட ரெடி மனு எல்லாம் கிடையாதுங்க, கேட்டுத்தான் அடிப்போம்" என்று ஆள் பிடித்தான். சொல்லட்டும். சரியாகத்தானே சொன்னான்.

பத்திரம் மட்டும் போதாது, அந்த வரி எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்தது என்று காட்ட வேண்டும் என்றார் மேஜர். நான் கார்பன் காப்பிகளை எறிவதில்லை. நாகல் நகர் வீட்டில் பரண் மேல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஏறினேன். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தூசியில் இருமி இருமி எடுத்ததில் வாட்ச்மேன் மனு மட்டும் நாற்பத்தாறு தேறியது. நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு நம்பர், ஊர் வேறு, யூனிட் வேறு. மூன்றாவது பாரா ஒன்றே. ஒருத்தருக்கும் காயம் இல்லை. நாற்பத்தாறு பேரும் பூரண சுகம்.

மேஜர் அந்தக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஸ்கேல் அதே இடத்தில் நின்றது. பாதிக்கு மேல் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, கையால் மட்டும் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது போதும்" என்றார். நான் எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் இருந்து கேட்டார்: "இதுல வேற யாருக்கெல்லாம் அடிபட்டிருக்கும், பாய்?"

அவர் என்னைப் பாய் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பேப்பர்கள் போன பிறகுதான் ரெக்கார்டு ஆபீஸில் பழைய ஆஸ்பத்திரி ஏட்டைத் தேடினார்கள். அதுவரைக்கும் என் வரி குறுக்கே கிடந்ததால் யாரும் அதைப் புரட்டவே இல்லை. தேடியதில் அவர் நம்பர் இருந்தது. சேர்த்த நாள், அனுப்பிய நாள், இடது இடுப்பு, ஷெல் துண்டு. நாலே வரி. ஆறு மாசம் என்று நான் தொடை தட்டிய வேலை இரண்டே முக்கால் வருஷம் இழுத்தது. அதற்குள் மேஜர் நல அதிகாரி வேலையில் இருந்தும் ரிட்டையர் ஆகிப் போய்விட்டார். போகும்போது ஸ்கேலை எனக்குக் கொடுப்பார் என்று ஒரு நினைப்பு இருந்தது. கொடுக்கவில்லை. பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்.

மெடல் தபாலில்தான் வந்தது, சின்னப் பெட்டியில். கூடவே திருத்திய புஸ்தகம். சின்னழகு அண்ணன் பெட்டியைப் பிரிக்காமல் புஸ்தகத்தைத்தான் முதலில் எடுத்தார். பாண்டியம்மாவும் வந்திருந்தது.

"படிங்க பாய்."

காயம் என்ற இடத்தில் 'இல்லை' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தியிருந்தது. படித்துத் தமிழில் சொன்னேன்.

"இன்னொரு தரம். கொஞ்சம் சத்தமா."

டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு அந்த வாத்தியார் படித்த சத்தத்துக்கு அது ஈடாகுமா தெரியவில்லை. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தான? சரி" என்றார்.

சொன்னபடி நானும் அவரோடு ஊருக்குப் போனேன். மச்சினன் வீட்டு வாசலில் மெடலைக் குத்திக்கொண்டு நடக்கவில்லை. அவர்தான் வேண்டாம் என்றார். மச்சினனே தேடி வந்து புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரிதான் மாமா, புளியமரம் வங்கதேசத்துல இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, குனிந்து அவர் காலைத் தொட்டான். பேர் மாறவில்லை. இன்றைக்கும் புளியமரத்து மிலிட்டரிதான். "இப்பக் கூப்புட்டா சிரிப்பு வருது பாய், முன்ன வந்ததில்ல" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை மூடி வைத்துவிட்டேன். வயசாச்சு, முழங்கால் மடங்காது, எல்லாம் போனில் வந்துவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். அதுவும் உண்மைதான். மீதி நாற்பத்தைந்து பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முடிந்த நாளில் பஸ் ஏறுகிறேன். இதுவரை பதினெட்டு வீடு. ஏழு பேர் மவுத்தாகிவிட்டார்கள். ஒன்பது பேர் கையைக் காலைக் காட்டி, ஒன்றும் இல்லை பாய் என்று சிரித்தார்கள். இரண்டு பேருக்கு இருந்தது, மனு போயிருக்கிறது, இந்தத் தடவை கேட்டு எழுதியது. ஒரு வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தது. உங்க வீட்டுக்காரருக்கு எங்கேயாவது அடிபட்டிருந்ததா என்று கேட்டேன். யோசித்து, "தோள்பட்டையில ஒரு குழி இருக்கும். மழை வந்தா அதுல கைய வெச்சு அமுக்கச் சொல்லுவாரு" என்றது. அந்தத் தோளைக் காட்ட இப்போது ஆள் இல்லை. செத்தவர் ஏழில் அவரும் ஒருத்தர். மற்ற ஆறு வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

என்னால் இனி எல்லா ஊருக்கும் போக முடியாது. அதனால்தான் இந்த மலரில் எழுதச் சம்மதித்தேன். அந்த வருஷங்களில் வாட்ச்மேன் வேலைக்குத் திண்டுக்கல்லில் மனு போட்டவர்கள் வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது பாராவைப் பாருங்கள். அதில் டபிள்யூ எழுத்துக்குக் கடைசிக் கால் இல்லை என்றால், அந்த வரி உங்களுடையது இல்லை, என்னுடையது. சங்கத்தில் சொல்லுங்கள், தகவல் எனக்கு வந்து சேரும். அடிபட்டது எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்.